இந்தக் கட்டைக்கு ஒரு கட்டை

லீக்ஸாவில் பனி நின்று மூன்றாம் நாள்.
உர்போவின் கடை மேசைமேல்
மூன்று துப்பாக்கிக் கட்டைகள்,
குழலில்லாமல், விசையில்லாமல்,
தலை கழற்றிய பொம்மைகள் போல.

என் குழல் என் பையில்.
முன்னூறு மீட்டருக்கு அப்பாலிருக்கும் காகிதத்தைப்
பதினெட்டு வருடம் துளைத்த குழல்.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.
அளவு மாறிப்போனது நான்தான்.

காதுக்குப் பின்னால் பட்டாணியளவு கட்டி.
குவோப்பியோவில் எடுத்தார்கள்.
முகத்தின் வலப்பக்கத்தை இழுத்துப் பிடித்திருந்த நரம்பும்
கன்னத்தின் உணர்வும்
அதன் கூடவே புறப்பட்டுவிட்டன.
கண்ணாடி பார்த்தபோது
பாதி முகம், என்னைக் கேட்காமல்,
தூங்கப் போயிருந்தது.

"முதலில் நீளம்," என்றார் உர்போ.
முழங்கை மடிப்பிலிருந்து
ஆள்காட்டி விரலின் முதல் கணுவரை நாடா.
முப்பத்து நான்கு.
"குளிர்கோட்டுக்கு ஒன்றரை கழி."
பின்தட்டிலிருந்து ஒரு வில்லையை உருவினார்.
சில இடங்களில் கழித்தல்
எவ்வளவு சுலபம்.

முதல் கட்டை அலுமினியம்.
எல்லாம் திருகு, எல்லாம் எண்.
தோள்தட்டு ஏறும், இறங்கும், சாயவும் செய்யும்.
"மைனஸ் இருபதில் கன்னத்தைக் கடிக்கும்," என்றார்.
கடிக்கட்டும், எனக்குத் தெரியவா போகிறது என்றேன்.
சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னது.
அவர் அதைத் தூக்கி
அலமாரியின் உச்சியில் வைத்தார்,
குழந்தை இருக்கும் வீட்டில் கத்தரிக்கோலை வைப்பதுபோல்.

இரண்டாவது, இடக்கைக்காரருக்கு.
"இடப்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது?"
நன்றாகத்தான் இருக்கிறது.
ஒரு மாதம் முயன்றும் பார்த்தேன்.
என் இடக்கண் வேடிக்கை பார்த்தே வளர்ந்த கண்.
அதற்குக் குறி தெரியாது.
போல்ட்டை மாற்ற வேண்டும், ஆளையும் மாற்ற வேண்டும்.
இந்தக் கட்டை விழும்வரை
வலது தோள்தான் என்றேன்.

மூன்றாவது பிர்ச் மரம்,
மெல்லிய பட்டைகளை ஒட்டி அழுத்தியது,
ஏரித் தண்ணீரின் சாம்பல் நீலம்.
கன்னம் வைக்கும் மேட்டுக்கடியில்
நாணயமளவு ஒரு சக்கரம்.
எண்ணூற்றுத் தொண்ணூறு யூரோ.
பனி தள்ளும் வண்டியில் எத்தனை ராத்திரி
என்று கணக்குப் போட்டேன்,
பாதியில் விட்டேன்.

குழலைப் பூட்டினார்.
போல்ட் மேசையிலேயே கிடந்தது, இருவர் கண்ணெதிரில்.
ஜன்னலுக்கு வெளியே
பியலினென் ஏரியின் அக்கரையில் ஒரு பைன்.
"கண்ணை மூடு. கன்னத்தை வை. பிறகு திற.
முழு வட்டம் தெரிந்தால் உன் கட்டை."
எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார்.

என் வலக்கண் மூடாது.
எட்டு மாதமாக மூடவில்லை.
இரவில் பட்டை ஒட்டித்தான் தூங்க வைக்கிறேன்,
பகலில் மணிக்கொரு சொட்டு மருந்து.
இமைக்காத கண் குறி பார்ப்பவளுக்கு வரம் என்றாள்
எங்கள் கழகத்து ஹில்க்கா.
இருவரும் சிரித்தோம்,
நான் ஒரு பக்கமாக.

உர்போ எதுவும் கேட்கவில்லை.
எழுந்து வந்து பக்கத்தில் நின்று
தொலைநோக்கியின் வாயை
உள்ளங்கையால் பொத்தினார்.
"இப்போது வை."

இறக்கினேன்.
முகம் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது,
தெரியவில்லை.
தாடை எலும்பு மட்டும் உள்ளிருந்து சொன்னது:
போதும், தட்டிவிட்டது.

கை விலகியது.
ஓரத்தில் கறுப்பாய் ஒரு பிறை.
சக்கரம் இரண்டு சொடுக்கு.
மறுபடி கை, மறுபடி கன்னம்.
பிறை இளைத்தது.
பிறகு மறுபுறம் போய்ப் பருத்தது.
ஒரு சொடுக்கு பின்னே.
காப்பி ஆறிப்போனது.
வேறொரு ஆள் உள்ளே வந்து
தோட்டாப் பெட்டியின் விலை கேட்டான்,
உர்போ திரும்பாமலே சொன்னார்.

ஏழாவது தடவையோ எட்டாவதோ,
கை விலகியபோது
வட்டம் ஒரு கீறலில்லாமல் நின்றது.
நடுவில் பைன்.
அதன் கிளையொன்று பனியைச் சரித்துவிட்டு
லேசாக மேலே எழும்பியது.

கண்ணில் நீர். இந்தக் கண்ணில்
அது எப்போதும் இருக்கிறதுதான்.

கட்டையைப் புரட்டி அடிப்பக்கத்தில்
'கன்னம் 11' என்று எழுதினார்.
"நரம்பு திரும்பினால் இது மாறும்.
அதற்குத்தானே சக்கரம்."
திரும்பாது என்று மருத்துவர் சொன்னதை
நான் சொல்லவில்லை.

சட்டைப் பையில் பேனா இருந்தது.
மேசையெல்லாம் துழாவி எடுத்து
பென்சிலால்தான் எழுதினார்.