காலிக் கூடுகள்

புதுவயலில் மெடிக்கல் வைத்திருக்கிறேன்.
எதிரே அரிசி ஆலை.
தவிட்டுத் தூசியைத் தட்டாமல்
ஒரு அட்டைகூடக் கைமாறாது.

மாசியில் ஒரு திங்கட்கிழமை
கண்டனூர் அடைக்கப்பன்
சிவப்பும் மஞ்சளுமான கேப்சூல் ஒன்றை
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்:
"பிலோமியம்மா, இந்தக் கூடு எதுல செய்யிறது?"

பதினெட்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
"ஜெலட்டின்" என்றேன்.
"அது அட்டையிலயே போட்டிருக்கு. ஜெலட்டின் எதுல?"

கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள்.
பொய் நாக்கு நுனிவரை வந்து, திரும்பிப் போனது.
"மாட்டெலும்பு. தோல். சில கம்பெனியில பன்றியும்."
இருமலுக்கு வந்தவர் இருமலை நிறுத்தினார்.

அடைக்கப்பன் கோபப்படவில்லை.
காசை எண்ணி வைத்துவிட்டுக் கேட்டார்:
"உள்ள இருக்கிறது மட்டும் போதும்னா
வெளிய இருக்கிறதை என்ன செய்யலாம்?"

சொல்லிக்கொடுத்தேன்.
தொப்பியை இடதுகையில், உடம்பை வலதுகையில் பிடித்து
லேசாகத் திருகி இழுக்க வேண்டும்.
கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளை உருண்டைகள் கொட்டும்.
மசித்த வாழைப்பழம் ஒரு கரண்டி.
மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும்.
மென்றால், மருந்தை
வயிற்றமிலம் தின்றுவிடும்.

அடுத்த திங்கள் வந்தார்.
மடித்த காகிதத்தில் ஏழு காலிக் கூடுகள்.
"குப்பையில போட மனசு வரல.
எந்த மாட்டுதுன்னு தெரிஞ்சா
அதுகிட்டயே கொடுத்திடுங்க."
சிரிப்பாரென்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
இழுப்பறையில் போட்டேன்.
வாரம் ஏழாக அங்கே சேர்ந்தன.

சித்திரையில் ஐந்து மணி நேரம் கரண்ட் போனால்
மீனெண்ணெய் உருண்டைகள் புட்டிக்குள்
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒரே கட்டியாகும்.
கெட்டிக் கூடுகளோ காய்ந்துபோய்
அட்டையைப் பிதுக்கும்போதே நொறுங்கும்.
வைட்டமின் ஈ வாங்கும் பெண்கள் யாரும்
அதை விழுங்குவதாகத் தெரியவில்லை.
ஊக்கால் குத்திக் கன்னத்தில் பூசுகிறார்கள்.
பிழிந்து எறியும் தோல் எதன் தோலென்று
அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஐப்பசியில் அவருக்குக் கால் வீக்கம்.
மருந்தை நானே கொண்டுபோனேன்.
முகம் தெரிகிற அளவுக்கு வழவழத்த சுவர்.
கைவைத்துப் பார்த்து, வாய் சும்மா இராமல்,
"முட்டை வெள்ளைக்கருதானே?" என்றேன்.
"ஆமா. அது நான் பூசல.
இது நான் விழுங்கிறது."
பதில் தயாராக இருந்தது.
முன்பே யாரோ கேட்டிருக்க வேண்டும்,
அல்லது அவரே.

அப்புறம்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன்.
மனைவி உமையாள். காரைக்குடி ஸ்டுடியோ, எழுபத்தொன்று.
கறுப்பு வெள்ளை. மழைக்கு ஈரம் ஏறி
தோள்பட்டைப் பக்கம் கொஞ்சம் உப்பியிருந்தது.
சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
அந்த உப்பலைக் கட்டைவிரலால்
நீவிக்கொண்டே பேசினார்.

டி.பார்ம் படிக்கையில் ஒரு லெக்சரர்
பாடத்தை விட்டு விலகிச் சொன்னது:
போட்டோத் தாளில் வெள்ளித் துகளைப்
பிடித்து வைத்திருப்பதும் ஜெலட்டின்தான்.
எலும்பு காய்ச்சிய பசைக்குள்
ஐம்பது வருஷமாக உமையாள்
ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.

மாசியில் திரும்பிப் போன பொய்
இப்போது தேவைப்படவே இல்லை.
அவர்தான் கேட்கவில்லையே.
"விரல் படாம வச்சுக்குங்க, ஈரம் அதுக்கு ஆகாது"
என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கடையில் இழுப்பறையைத் திறந்தால்
அதே ஈரத்தில் கூடுகள் நசுங்கி ஒட்டிக்கிடந்தன,
எந்தத் தொப்பி எந்த உடம்புக்கென்று பிரியாமல்.
ஒன்றைப் பிய்த்து வெந்நீர் டம்ளரில் போட்டேன்.
முதலில் உப்பியது. பிறகு நூல் நூலாக விட்டது.
நாலு நிமிஷத்தில் தண்ணீர் லேசாகச் சிவந்தது,
அவ்வளவுதான்.

ஆலைக்குப் பின்னால் ஒரு மாடு கட்டியிருக்கும்.
டம்ளரோடு பாதி தூரம் போய்
வெட்கப்பட்டுத் திரும்பினேன்.
வாசலில் ஊற்றினேன். மழைத் தண்ணீரோடு போயிற்று.

மீதிக் கட்டி இழுப்பறையில்தான்.
திங்கட்கிழமை இன்னும் ஏழு வரும்.