முன்னதா, பின்னதா

பகலெல்லாம் கேட்கிறேன்,
இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?
ஒரு கண்ணை மூடி, வில்லையை மாற்றி
மறுபடியும்:
முன்னதா, பின்னதா?
மேலூர்க்காரர் ஒருவர் தயங்குவார்,
"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு தாயி."
அவசரமில்ல, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க என்பேன்.
கண் ஆஸ்பத்திரியின் நான்காம் எண் அறையில்
நாளொன்றுக்கு அறுபது பேர்.
அறுபது பேருக்கும் உண்டு
தனக்கு எது தெளிவென்று சொல்லும் உரிமை.

ஆறு மணிக்கு வெளியே வந்தால்
சோலைமலையின் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்.
ஏறு என்பான். ஏறுவேன்.
எங்கே என்பதை வண்டி சொல்லும்.
மூன்று வருடம்.
கறிதோசை எனக்குப் பிடிக்கும் என்பது
அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
பச்சை எனக்கு எடுப்பாக இருக்கும் என்பதும்
கூட்டத்தில் நான் சத்தமாகச் சிரிக்கக்கூடாது என்பதும்.
கெட்டவன் இல்லை.
மழை வந்தால் தன் கோட்டைக் கழற்றி
எனக்குப் போட்டுவிடுவான்,
நான் நனைய ஆசைப்பட்ட நாளிலும்.

அங்கயற்கண்ணி என்று அப்பா வைத்த பெயரை
நறுக்கி "அங்கு" ஆக்கியிருந்தான்.
ஆளைக் கூப்பிடுகிறானா, இடத்தைக் காட்டுகிறானா
என்று யோசிக்காமலே
நானும் திரும்பிப் பார்த்துப் பழகியிருந்தேன்.

போன வியாழக்கிழமை, கோரிப்பாளையம் சிக்னல்.
தொண்ணூறு நொடி சிவப்பு.
தலையைத் திருப்பாமல் சொன்னான்:
"அங்கு, திருநகர்ல வீடு பாத்துட்டேன்.
அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெரு. அட்வான்சு குடுத்தாச்சு.
தையில பால் காய்ச்சிருவோம்.
ஆஸ்பத்திரி தூரந்தான்,
அதுக்குள்ள நீயே வேலையை விட்டுருவ."

எழுபத்தொன்று. எழுபது.
பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ.
பாண்டிகோயிலுக்குப் போகிற கிடா ஒன்று
மாலையோடு உட்கார்ந்து
என்னையே பார்த்தது.
தலையில் மஞ்சத்தண்ணி விழுந்ததும் உதறும்.
சம்மதம் கெடச்சிருச்சு என்பார்கள்.
நானும் உதறியிருக்கிறேன்
மூன்று வருடமாய்.

"நான் வரல."
கேட்டிருக்காது. ஹெல்மெட்டைத் தட்டினேன்.
"திருநகருக்கு நான் வரல. வேலையையும் விடல."
"கோவமா?"
"கோவமில்ல. வேண்டாங்கிறேன். ரெண்டும் வேற."
"அப்ப நான் வேண்டாமா?"
"வீட்டைச் சொன்னேன். உன்னைச் சொல்லல. அதுவும் வேற."

பச்சை விழுந்தது. பின்னால் அத்தனை ஆரன்.
அவன் கிளம்ப மறந்திருந்தான்.
நான் இறங்கினேன்.

பாலத்தின் ஓரமாக நடந்தேன்.
கால் கொஞ்சம் நடுங்கியது, மறைக்கவில்லை.
வண்டியை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே வந்தான்.
கீழே வைகையில்
தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு எருமைகள்.
பாதிப் பாலத்தில் சொன்னான்,
"பத்தாயிரம். திருப்பித் தரமாட்டான்."
"கேட்டுப் பாரு."
யானைக்கல் வரைக்கும் பேச்சில்லை.
பிறகு நான்தான்:
"அங்குன்னு கூப்பிடாத.
நான் இங்கதான் இருக்கேன்."
அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

சிம்மக்கல்லில் ஒரு சாப்பாட்டுக் கடை.
பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
கைமாத்துக் கேட்கிறவன் மாதிரி
மெல்ல வாயைத் திறந்தான்:
"உனக்கு என்ன வேணும்... அங்கயற்கண்ணி?"

எனக்குச் சொல்ல வரவில்லை.
இடியாப்பமா, ஊத்தப்பமா, வெறும் டீயா.
பலகை முழுக்க எழுத்து.
ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருந்தது.
கல்லாக்காரர் சலித்துக்கொண்டார்,
"சட்டுன்னு சொல்லும்மா, ஆள் நிக்கிது."

இருங்க, என்றேன்.
நல்லாப் பார்த்துச் சொல்றேன்.