சுவர் வேண்டாம்

சாலைத் தெருக் கடைக்காரர் முதலில் படம் காட்டினார்.
கண்ணாடிச் சுவர், தொங்கும் விளக்கு,
உள்ளே ஏசி வைத்த பந்தல்.
"மதுரைக் கல்யாணத்துக்கெல்லாம் இதுதான் போகுது."

நாங்கள் மூன்று பேர்:
நான், சேதுராக்கு, கணக்கு எழுதும் நம்புசெல்வி.
அவள் மடியில் மஞ்சள் பை.
பைக்குள் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
பாதி வங்கிக் கடன்,
மீதி எங்கள் இருபத்தாறு பேரின் விரல்.
பாசி பிடுங்கப் போய் பாறை கிழித்த விரல்.

ஐநூற்றைம்பது ஜிஎஸ்எம் என்றார்.
மழை ஒழுகாது, தீப்பிடிக்காது என்றார்.
சேதுராக்கு துணியை முகர்ந்து பார்த்தாள்.
தையலுக்குள் நகத்தை விட்டு இழுத்தாள்.
"தீயை விடுங்க. காத்துக்கு?"
"எண்பது கிலோமீட்டர் வேகம் தாங்கும்மா."
"எங்க ஊருக் கச்சான் மீட்டர் போட்டா வருது?"

போன ஆடியில், முளைப்பாரி அன்றைக்கு,
வாடகைப் பந்தலை நாலு பக்கமும் துணி அடைத்துக் கட்டியிருந்தார்கள்.
அழகாகத்தான் இருந்தது.
மத்தியானம் காற்று உள்ளே புகுந்தது,
வெளியேற வழி தேடியது,
பிறகு பந்தலையே வழியாக்கிக்கொண்டு கிளம்பியது.
களிமண்குண்டுக் கரையிலிருந்து
முழுசாய் எழும்பிப் போனதைப் பார்த்தோம்,
ஆள் ஏறாத வள்ளம் பாய் விரித்ததுபோல.
தண்டம் ஒன்பதாயிரம்.
எங்கள் குழுவே கட்டியது.

"சைடு துணி ஃப்ரீயா தர்றேன்."
"வேணாம்."
"ஃப்ரீம்மா."
"அதான் வேணாம்."

இரும்புக் கால் விலை குறைவு, மேலே பவுடர் பூச்சு.
நம்புசெல்வி வீட்டுச் சாவியால் ஒரு கீறு கீறினாள்.
கடைக்காரர் முகம் சுருங்கியது.
அந்தக் கீறல் போதும் உப்புக்கு,
அடுத்த வருஷம் காலே இருக்காது.
அலுமினியம் என்றால் நாற்பத்தோராயிரம் கூட.
வெளியே போய் டீ குடித்தோம்.
மூன்று டீ, ஒரு வடை.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
திரும்பி வந்து "அலுமினியம்" என்றேன்,
நீளத்தில் பத்தடி குறைத்துக்கொண்டு.

ஒரு அடி ஆணி முப்பது கொடுத்தார்.
சேதுராக்குக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"கடக்கரை மணல்ல இத அடிச்சா
குழம்புல கரண்டி நட்ட மாதிரி."
மூட்டையில் மணல் கட்டி முழங்கை ஆழம் புதைப்போம்,
வலைக்கு நங்கூரம் போடத் தெரிந்தவர்களுக்கு
பந்தலுக்குப் போடத் தெரியாதா.
ஆணியை எடுத்துக்கொண்டு அவர் கயிறு தந்தார்.

கடைசியில் நிறம்தான் சண்டை.
சிவப்பை இழவு வீட்டில் கட்ட முடியாது.
வெள்ளை, கல்யாண வீட்டில் ஆகாது.
நீலம் போட்டால் புயல் முகாம் நினைப்பு வரும்.
கடைசி அடுக்கில் ஒன்று இருந்தது, காய்ந்த பனையோலை நிறத்தில்.
அவர் அதை பீஜ் என்றார்.
பில்லில் ஓலை நிறம் என்று எழுத வைத்தாள் நம்புசெல்வி.

இழவுக்கு வாடகை வாங்குவதா வேண்டாமா?
திருப்புல்லாணி தாண்டும்வரை பேசினோம்.
பாதி என்றாள் ஒருத்தி, டீசல் மட்டும் என்றாள் இன்னொருத்தி.
லோடு ஆட்டோக்காரர் தானும் ஒரு கருத்துச் சொன்னார்.
முடியவில்லை பேச்சு.

மறுநாள் கட்டிப் பார்த்தோம்.
கடலிலிருந்து ஏறியவர்கள் அப்படியே வந்தார்கள்,
விரலில் சுற்றிய துணி அவிழ்க்காமல்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
காற்று இந்தப் பக்கம் நுழைந்து
அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
துணி ஒருமுறை உப்பி அடங்கியது.
முத்திருளாயி ஈரச் சேலையோடு படுத்தாள்,
குறட்டையே விட்டாள்.

பாசி எடை போட வந்த ஏஜெண்ட்
பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு,
"என்ன விசேஷம்?" என்றான்.
ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

புது நோட்டில் நம்புசெல்வி கோடு போட்டாள்.
தேதி எழுதினாள்.
விசேஷம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பிறகு எழுதினாள்:
நிழல்.