ஆறேகால்

கீஸன் நகரத்து ஆய்வுகூடத்தில்
செவ்வாய்க்கிழமைகளில் நான் இலை எரிக்கிறவள்.

எரிப்பதென்றால் தீ இல்லை.
ஒரு கிராம் காய்ந்த தூள், கந்தக அமிலம்,
நானூற்றிருபது பாகை.
குழாய்க்குள் கறுத்துக் கூழாகி
பிறகு தெளிந்து நிற்கும்வரை
ஒன்றரை மணி நேரம்.
மிஞ்சுகிற இளநீலம் செம்பு உப்பினுடையது.
இலைக்கு அதில் பங்கில்லை.

இன்றைக்கு வந்தது காஞ்சொறி.
ஃபோகல்ஸ்பெர்க் மலைப்பக்கமிருந்து வீலண்ட்
காகிதப் பையில் கொண்டுவந்தான், கையுறை போடாமல்.
"இவ்வளவு நாளும் ஆடு தின்றது.
இனி மனிதருக்குத் தூளாக்கி விற்கப்போகிறேன்.
டப்பாவில் அச்சடிக்க ஓர் எண் வேண்டும்.
பெரிதாக இருந்தால் நல்லது."
சொல்லிவிட்டுப் புறங்கையைச் சொறிந்தான்.

ஆவியாகி வரும் அமோனியா
குடுவையில் சேரச் சேர
சிவந்த நீர் பச்சையாகிறது.
பியூரெட்டைத் திருகி, சொட்டுச் சொட்டாக
அதை மறுபடி சிவப்புக்குத் திருப்ப வேண்டும்.
எத்தனை சொட்டில் திரும்பியது
என்பதுதான் நைட்ரஜன்.
அதை ஆறேகாலால் பெருக்கு:
புரதம்.

இருபத்தெட்டேகால்.
நூறு கிராம் காய்ந்த காஞ்சொறியில்.

ஆனால் இலைக்குள் இருக்கிற நைட்ரஜனெல்லாம்
புரதமில்லை,
கலியாண மண்டபத்தில் சாப்பிடுகிறவர்களெல்லாம்
சொந்தக்காரர் இல்லாததுபோல.
நேர்மையாகப் பெருக்கினால்
நாலரைக்குக் கிட்டத்தான் வரும் இலைக்கு.
ஹைட்ரூனிடம் சொன்னேன்.
அவள் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள்:
ஆறேகால், அச்சில்.
அடிக்குறிப்பாக எழுதிவை என்றாள்.
எழுதிவைத்தேன்.
அடிக்குறிப்பை எந்த டப்பாவும் சுமக்காது.

பேருந்தில் வரும்போது
வலது சுட்டுவிரல் எரிந்தது.
எடை போடும்போது ஒருமுறை
கையுறையைக் கழற்றியிருந்தேன்.

வீட்டில் குகபாலன்
குசினித் தராசைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.
அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து
கால் பங்கு வேலைகூடச் செய்வதில்லை.
ஒரு நாளைக்கு நாற்பது கிராம் புரதம்,
மேலே போகக் கூடாது,
கீழேயும் இறங்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு.
முன்பு பார்சல் வண்டி ஓட்டினவர்.
இப்போது ஒரு சின்னக் கொப்பியில்
தன் தட்டுக்குத் தானே சுங்க அதிகாரி.

"இண்டைக்கு என்னத்தை எரிச்சனீ?"
"காஞ்சொறி. இருபத்தெட்டேகால்."
"கடவுளே," என்றார்,
என் சம்பளத்தில் வெட்டு விழுந்ததுபோல.

பெரிய பானையில் நிறையத் தண்ணீர்,
அதில் ஸ்பினாட் கீரை.
கொதித்ததும் வடித்து ஊற்றுகிறேன்.
கைகழுவும் தொட்டியருகே அவர் வந்து நின்று
பச்சைத் தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்க்கிறார்.
"பொட்டாசியம் போகுது,"
ரயிலேற்றிவிட்டவர் குரலில்.

எங்கள் கீரையில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர்.
காயவைத்தால் வீலண்டின் எண்ணுக்குக் கிட்ட ஏறும்;
தட்டில் வைத்தால் நூறு கிராமுக்கு மூன்று.
பெரிய எண் விற்க உதவும்.
சின்ன எண்ணால்தான் இந்த மனிதர்
வயிறு நிறையச் சாப்பிட முடிகிறது,
தேங்காய்ப்பூ கொஞ்சமாய்த் தூவி, தேசிக்காய் பிழிந்து.

கொப்பியில் 3 என்று எழுதினார்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
"அந்த மூன்றும் ஆறேகால் கணக்கு," என்றேன்.
"உண்மையில் இரண்டுதான் இருக்கும்."

பென்சில் நின்றது.
"அப்ப ஒரு கிராம் மிச்சம் கிடக்கு."
"கிடக்கு. ஆனா டாக்டரும் ஆறேகாலிலதான் பார்க்கிறா."
"டாக்டர் இஞ்ச இல்லை."

அடுப்பில் எனக்கென்று வைத்த
கணவாய்க் கறியின் மூடியைத் திறந்தார்.
ஒரு வளையம் எடுத்துக் குழம்பை வழித்துத்
தராசில் வைத்தார்.
ஆறு கிராம். அதில் புரதம் ஒன்று.
எத்தனை தரம் மனக்கணக்குப் போட்டிருப்பாரோ,
தாளே தேவைப்படவில்லை.

முள்ளுக்கரண்டியில் தூக்கி
உடனே தின்னாமல்
அந்த ஓட்டை வழியாக
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.
என் விரல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.