ஐந்தாம் நாள்

முதல் நாள்: பினாங்கிலிருந்து புறப்பாடு.
இந்த வரியைப் பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன்,
லெபோ பந்தாயில்
குளிரூட்டி சொட்டும் ஒரு மாடியறையில்.
சொட்டுக்குக் கீழே நீல வாளி.
வாளிக்கு மேலே மிஸ்டர் ஊய் ஒட்டிய ஃபூஜி மலை.
அதில் ஒரு பல்லி மாலையில் ஏறும்,
காலையில் பார்த்தால் இறங்கியிருக்கும்.
எங்கள் அலுவலகத்தில் அந்த மலையைத் தொட்டது
அது ஒன்றுதான்.

என் கடவுச்சீட்டில் ஹாட்யாய் இருக்கிறது,
இரண்டு முறை.

இந்த மார்ச்சில் பதினேழு பேர்,
பட்டர்வொர்த்துக்காரர்கள், பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்,
பதினொருவர் சைவம்.
அங்கே தெளிந்த சாற்றிலும் மீன் ஒளிந்திருக்குமாம்.
ஆளுக்கொன்றாய்ச் சிறு அட்டைகள் அடித்துக் கொடுத்தேன்:
மீன் வேண்டாம். மீன் வெந்த நீரும் வேண்டாம்.
மீனை எடுத்துவிட்டுத் தந்தாலும் வேண்டாம். மன்னிக்கவும்.
எல்லாம் ஜப்பானிய எழுத்தில்.
அதில் எது மீன், எது மன்னிப்பு
என்று கேட்டால் விழிப்பேன்.

"பூ நிச்சயமா இருக்குமா?"
தவநாயகி டீச்சர் மூன்று முறை கேட்டார்.
கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில்
அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறோம்:
மலர்ச்சி வானிலையைப் பொறுத்தது; நிறுவனம் பொறுப்பல்ல.
நான் அதைப் படித்துக் காட்டவில்லை.
"இருக்கும் டீச்சர்" என்றேன்.

சனிக்கிழமை. அரை நாள் வேலை.
கிரீன் லேன் நிறுத்தத்தில் குடையில்லாமல் நிற்கிறேன்.
மூன்று வாரமாக மழை இல்லை,
அந்தக் கோபத்தில் டெக்கோமா எல்லாம்
இலையை உதறிவிட்டுப் பூத்திருக்கின்றன.
இது நம்மூர் சக்குரா என்கிறார்கள்.
மரத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது போதாதா.
இதழ் இதழாக உதிர இதற்குத் தெரியாது.
முழுப் பூவாக, தலையில் 'டொப்'பென்று விழும்.
பள்ளிச் சீருடையில் இரு பெண்கள்
ஒருத்தி மரத்தை உலுக்க ஒருத்தி படமெடுக்க,
பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே
எல்லாவற்றையும் நசுக்கிப் போனது.

அப்போதுதான் போன்.
"குமுதினி, மான் தின்னுருச்சும்மா."

எதை டீச்சர்?

"நீ குடுத்த தாளை. நாராவுல நிக்கிறோம்.
கும்பிடு போட்டுச்சு, நானும் போட்டேன்,
நிமிர்றதுக்குள்ள உருவிருச்சு."

மற்றவர்களின் தாள்?
"என்னை நம்பி விடுதியிலயே வச்சிட்டு வந்துட்டாங்க."

ஐந்தாம் நாள். வழிகாட்டி இல்லாத நாள்.
விலை குறையட்டும் என்று அவர்களே கேட்டு வாங்கியது.
இப்போது முழுவதும் மானின் வயிற்றில்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
மானுக்கு முதுகைக் காட்டுங்க, டீச்சர்.
பெரிய சாலையோட சரிவுல இறங்குங்க.
வலப்பக்கம் ஐந்தடுக்குக் கோபுரம் வரும்.

"கோபுரம் இல்லையேம்மா. பெட்டி மாதிரி என்னமோ
சாரம் கட்டி மூடி வச்சிருக்காங்க."

என் தாளில் சாரம் இல்லை.
என் தாளில் கோபுரம் எப்போதும்
நீல வானத்தில் நின்றுகொண்டிருக்கும்.
அதுதான் டீச்சர், என்றேன். உள்ளே அதுதான்.
பக்கத்துல படிக்கட்டு. ஐம்பத்திரண்டு படி.
பாலசுந்தரம் சாரை மெதுவா இறங்கச் சொல்லுங்க,
அவர் முட்டி.

பூ இருக்கா?

"இருக்கு, இருக்கு, மேல கீழ எல்லாம் பூதான்,
அதை விடு, நீ வழியைச் சொல்லு."

படிகளை அவர் வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்,
வகுப்பறைக் குரலில்.
பின்னால் பதினாறு பேரின் செருப்புச் சத்தம்,
யாரோ முறுக்குப் பொட்டலம் பிரிக்கும் சத்தம்,
ஒரு குழந்தை எனக்குப் புரியாத மொழியில் அழும் சத்தம்.
முப்பத்தொன்றில் நிறுத்தி, மூச்சு வாங்கிக் கேட்டார்:
"நீ எத்தனை தடவைம்மா வந்திருக்க இங்க?"

என் பேருந்து வந்தது.
ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் கை காட்டவில்லை.
கூரையில் ஒட்டிய பூக்களோடு அது போய்விட்டது.

கீழே குளம் ஒன்னு வரும், டீச்சர், என்றேன்.
கல்லு மேல ஆமைங்க வெயில் காயும்னு போட்டிருப்பேன்.
இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.