உள்ளே நடந்ததைச் சொல்பவன்

இந்த நாடகத்தில் எனக்குப் பெயரில்லை.
'தூதன்' என்று பட்டியலின் கடைசியில்,
ஒளியமைப்பாளருக்கு ஒரு வரி மேலே.

தோ பாயோ சமூக மன்றம், மூன்றாம் மாடி.
எங்களுக்கு முன்னால் ஸும்பா வகுப்பு;
தரையில் இன்னும் அவர்களுடைய வேர்வை.
பன்னீர்தாசன் அரசனாகிறார்,
துறைமுகச் சீருடையை மாற்ற நேரமில்லாமல்.
ரெஜினா அரசி, நகம் கடித்தபடி.
மற்ற ஒன்பது பேரும் ஊர்மக்கள்:
எல்லாம் தெரிந்தும்
ஒரு கதவைக்கூடத் தட்டாதவர்கள்.

அரசன் செய்த குற்றம்தான் என்ன?
கோப்பி வரும்வரை இதே சண்டை.
ஊழ் என்கிறார் சுந்தரவல்லி.
திமிர் என்கிறான் வரி இலாகா இளங்கண்ணன்:
"தேடாதே என்று ஊரே சொன்னபோது
நிறுத்தியிருக்கலாமே."
"நிறுத்தியிருந்தால் அவன் அரசனா?"
கேட்டது பன்னீர்தாசன்,
யாரையும் பார்க்காமல்.

கிரேக்கத்தில் அதற்கு ஒரு சொல் உண்டாம்,
அம்பு குறி தப்புவதற்கும் அதே சொல்லாம்.
எங்கள் இயக்குநர் யாமினி சொன்னாள்.
ஆள் நல்லவன்தான். வில்லும் நல்லதுதான்.
ஒரு விரற்கடை.

எனக்கு இதிலெல்லாம் வேலையில்லை.
கடைசியில் ஓடிவந்து
உள்ளே நடந்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவே.
அந்த நாடகங்களில்
சாவு மேடைக்கு வருவதில்லை.
கதவு சாத்தியிருக்கும்.
ஒருவன் வந்து சொல்வான்.

"ரொம்ப வேகம்" என்கிறாள் யாமினி.
வேகம் என் பிழைப்பு.
995-இல் காதுக்கருவி மாட்டி உட்கார்ந்திருப்பவன் நான்.
புளோக் எண். மாடி. மூச்சு இருக்கிறதா?
அழுகையை ஒதுக்கி முகவரியை எடுக்க வேண்டும்,
மீனில் முள் எடுப்பதுபோல்.
பதினோரு வருடத்தில்
ஒரு சாவைக்கூட நான் பார்த்ததில்லை.
எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம்.

"பார்க்க வருபவர்களுக்கு முடிவு முன்பே தெரியும்.
செய்திக்காக அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை."
"பின்னே எதற்காக?"
யாமினி தண்ணீர் குடித்தாள்.
மூடியைத் திருகி மூடினாள்.

செவ்வாய், இரவுப் பணி, நான்கு பத்து.
ஈசூனிலிருந்து ஒரு பெண்.
குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது,
தண்ணீர் ஓடுகிறது,
கூப்பிட்டால் அவர் பதில் தரவில்லை.
தமிழில் பேசியதால் என்னிடம் திருப்பினார்கள்.
முகவரி எடுத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.
கதவை உடைக்க முடியுமா என்றேன்.
தோளில் அறுவை சிகிச்சை என்றாள்.
பக்கத்து வீட்டைத் தட்டச் சொன்னேன்.
தட்டினாள். எனக்கே கேட்டது.
கதவிடுக்கில் வெளிச்சம் வந்ததாம்,
செருப்புச் சத்தம் வந்து நின்றதாம்.
திறக்கவில்லை.

அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள்,
நான் எதுவும் கேட்காமலே.
ராத்திரி மீ கோரெங், பாதி வைத்துவிட்டார்.
நெஞ்சைத் தடவினார். வாயு என்றார்.
ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தேன்,
வாயை மூடு என்றார்.
மூடினேன்.
அதுதான் தம்பி. மூடினேன்.

திரையில் அடுத்த கேள்வி காத்திருந்தது.
நான் கேட்கவில்லை.
அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.
நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது,
எட்டு நிமிடம்.
லிஃப்ட் மணி. பூட்ஸ்.
"வந்துட்டாங்க" என்றாள்.
இணைப்பு அறுந்தது.
அதற்குமேல் எனக்குத் தெரிய வழியில்லை;
விதி அப்படி.
அலுவலக விதியைச் சொல்கிறேன்.

வியாழன் ஒத்திகை.
ஓடிவரவில்லை, நடந்து வந்தேன்.
ஊர்மக்கள் ஒன்பது பேரும் திரும்பினார்கள்.
முதல்முறையாக அவர்கள் காலைப் பார்த்தேன்,
செருப்புகளை.
"கதவு தாழிட்டிருந்தது" என்று தொடங்கினேன்.
யாமினி பிரதியைப் புரட்டினாள்.
பிரதியில் அது நான்காவது வரி.
அவள் நிறுத்தவில்லை.

பாதியில் ஸும்பா ஆசிரியை வந்தாள்,
மறந்துபோன ஒலிபெருக்கியை எடுக்க.
எடுத்தாள். போகவில்லை.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
ஒலிபெருக்கியைப் பிள்ளைபோல் இடுப்பில் வைத்தபடி
வாசலிலேயே நின்றாள்,
நான் சொல்லி முடிக்கும்வரை.