பெருவிரல்

வத்தளைக் கலியாணத்தில்
மாப்பிள்ளைத் தோழன் தட்டிவிட்டு
ஃபிளாஷின் பற்றரி மூடி விழுந்து
கொளுக்கி பிளந்தது.
மூடி மட்டும் வராது, புதுசு வாங்குங்கோ என்றான்
புறக்கோட்டைக் கடைக்காரன்,
விலையைச் சொல்லாமல்,
என் சப்பாத்தைப் பார்த்து.

ராத்திரி வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
குசினி மேசையில் பழைய பேப்பர்.
அப்பச்சோடா ஒரு சிட்டிகை,
மேலே சூப்பர் குளூ ஒரு சொட்டு:
சீறிப் புகைந்து, கண்ணைக் கரித்து
கல்லாகிப் போனது.
அரத்துக்குத் தர்மினியின்
நகம் தேய்க்கும் தகடு
(காலையில் தேடுவாள், தேடட்டும்).

கடைசிப் பிளவை
அழுத்திப் பிடித்து அறுபது வரை எண்ணினேன்.
முப்பத்தெட்டில் கரையோர ரயில் போனது,
எண்ணிக்கையையும் ஏற்றிக்கொண்டு.
விரலை எடுத்தால்
விரல் வரவில்லை.

பிய்த்தேன்.
மூடியில் என் ரேகை
கறுப்பின்மேல் வெள்ளையாய்,
சுழி சுழியாய்.

காலை கொள்ளுப்பிட்டி.
கந்தோர் வாசல் மெஷினில் பெருவிரல் வைத்தேன்.
சிவப்பு.
சேட்டில் துடைத்து வைத்தேன்.
சிவப்பு.
"ஆளைத் தெரியேல்லையாம் சேர்"
சிரித்தார் செக்யூரிட்டி நிஸாம்தீன்.

பையில் கிடந்த மூடியைக்
காட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன்.
பிறகு பதிவேட்டில்
எட்டு நாற்பத்தேழு என்று எழுதினேன்,
இடது கையால்.